ஆக்சிஜன் விடும் சிவப்பு ஒளி

காரம் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடுக்குள் குளோரின் வாயுவைச் செலுத்தினால், இருட்டறையில் குமிழிகள் செக்கச்செவேலென ஒளிரும். (குளோரின் நச்சு வாயு, வீட்டில் வேண்டவே வேண்டாம்.) ஒளிர்வது சாயமல்ல, ஆக்சிஜன்!

சாதாரண ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு எலக்ட்ரான்களின் சுழற்சி ஒரே திசையில் இருக்கும். அதனால் கரிமச் சேர்மங்களிடம் அது எளிதில் நெருங்குவதில்லை. அந்த இரண்டும் எதிரெதிராக இணைந்துவிட்டால் மோலுக்கு 94 கிலோஜூல் ஆற்றல் கூடுகிறது. இதுதான் சிங்கிலெட் ஆக்சிஜன். இரட்டைப் பிணைப்பைக் கண்டால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் அதன் ஆயுள் நான்கு மைக்ரோவினாடிகூட இல்லை.

இவ்வளவு சீக்கிரம் மறைகிற ஒன்று இருக்கிறது என்று நிரூபிப்பது எப்படி? 1930களில் ஜெர்மனியில் பணியாற்றிய வேதியியலாளர் ஹான்ஸ் கவுட்ஸ்கி ஒரு வழி கண்டார். ஒளியை உறிஞ்சும் சாயத்தைச் சில சிலிக்கா மணிகளிலும், ஆக்சிஜனேற்றம் அடையும் பொருளை வேறு மணிகளிலும் ஏற்றிக் கலந்தார். ஒளி பட்டதும் இரண்டாவது மணிகள் நிறம் மாறின. இடைவெளியைத் தாண்டிப் போன தூதன் ஆக்சிஜன்தான் என்றார். எவ்வளவு அழகான சோதனை! ஆனாலும் முப்பது ஆண்டுகள் அவரைப் பெரும்பாலானோர் நம்பவில்லை.

1963இல் கான், காஷா என்ற ஆய்வாளர்கள் பெராக்சைடு குமிழிகளின் அந்தச் சிவப்பு ஒளியைச் சிங்கிலெட் ஆக்சிஜனோடு இணைத்தார்கள். அடுத்த ஆண்டே ஃபூட், வெக்ஸ்லர் என்ற வேதியியலாளர்கள், சாயமும் ஒளியும் சேர்ந்து கரிமச் சேர்மங்களிலிருந்து தரும் அதே விளைபொருள்களை, பெராக்சைடும் ஹைப்போகுளோரைட்டும் (வெளுப்பான்களில் உள்ள குளோரின் சேர்மம்) கலந்த கலவையிலும் எடுத்துக் காட்டினார்கள்.

சரி, இன்று எப்படி அளக்கிறார்கள்? தனியாக இருக்கும் சிங்கிலெட் ஆக்சிஜன் 1,270 நானோமீட்டரில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒளிர்கிறது. இரண்டு மூலக்கூறுகள் மோதி ஆற்றலைச் சேர்த்து ஒரே ஃபோட்டானாக விடும்போது அலைநீளம் பாதியாகி, சுமார் 634 நானோமீட்டரில் சிவப்பு வருகிறது. ஆய்வகத்தில் தேடுவது அந்த 1,270ஐத்தான். தண்ணீரில் பத்து லட்சத்தில் ஒன்றுகூட ஒளியாக வெளிவராது, மற்றதெல்லாம் வெப்பமாகிவிடும். அதனால் சாயத்தின்மீது லேசர் துடிப்புகளை ஆயிரக்கணக்கில் அடித்து, ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டுகிறார்கள்.

அப்புறம் தண்ணீருக்குப் பதில் கனநீர் (ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள நீர்) ஊற்றிப் பார்ப்பார்கள். சாதாரண நீரின் ஹைட்ரஜன் அதிர்வுகள் ஆற்றலைச் சட்டென்று பறித்துக்கொள்ளும். டியூட்டீரியம் மெதுவாக அதிர்வதால் அவ்வளவு பறிக்காது. ஆயுள் ஏறக்குறைய இருபது மடங்கு நீளும். சிங்கிலெட் ஆக்சிஜனை அணைத்துவிடும் சோடியம் அசைடு என்ற சேர்மத்தைச் சேர்த்தால் ஒளி மங்கும். இரண்டும் ஒத்துப்போனால் ஆள் இவன்தான். பிறகு சோதிக்க வேண்டிய சேர்மத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால், ஒளி மறையும் வேகம் கூடிக்கொண்டே போகும். அந்தக் கூடுதலிலிருந்தே, அந்தச் சேர்மம் சிங்கிலெட் ஆக்சிஜனை எவ்வளவு விரைவாக அகற்றுகிறது என்று சொல்லும் மொத்த வேக மாறிலியைக் கணக்கிட்டு எடுத்துவிடுகிறார்கள்.