முற்றத்தை மூடும் முன் ஓர் ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள்

போன சித்திரையில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி கூப்பிட்டிருந்தார்கள். "தம்பி, ரெண்டு ஏசி போட்டும் வீடு புழுங்குது. காலையில எந்திரிச்சா தலை கனமா இருக்கு" என்றார்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. குரங்குத் தொல்லை, புறாத் தொல்லை என்று முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு, இண்டு இடுக்கு விடாமல் சிலிகான் வைத்து அடைத்திருந்தார்கள்.

ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி முற்றத்து நடுவில் வைத்தேன். புகை முக்கால் உயரம் வரை விறுவிறுவென ஏறியது. அதற்கு மேல் போக முடியாமல் தயங்கி, பாய் விரித்த மாதிரி பரவி அங்கேயே நின்றது. ஷீட்டுக்கு அடியில் கொதித்த காற்று மூடி போல உட்கார்ந்திருந்தது.

சூடான காற்று லேசானது, மேலே போகும். அது வெளியேறினால்தான் கீழே புதுக்காற்று நுழையும். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு வாசலிலிருந்து பின்கட்டு வரை வாசல் நிலைகள் நேர்கோட்டில் இருப்பது காற்று நுழைய. முற்றம் திறந்திருப்பது அது வெளியேற. பகலெல்லாம் வெயில் குடித்த கனத்த காரைச் சுவர் ராத்திரியில் வானத்தைப் பார்த்துத்தான் ஆறுகிறது. ஷீட் போட்டால் வெளிச்சம் உள்ளே வரும், வெப்பம் வெளியே போகாது. அந்தச் சூட்டோடுதான் ஏசி ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுகிறது. கரண்ட் பில் வேறு எப்படி வரும்?

தலை கனத்ததற்குக் காரணம் வேறு. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. கதவு ஜன்னல் அடைத்து இரண்டு பேர் தூங்கும் அறையில் விடிவதற்குள் அது 2,000 பங்கைத் தாண்டுவது சாதாரணம். இப்படிக் காற்றோட்டமில்லாத அறையில் பலருக்கு மந்தமும் தலைவலியும் வருவதுண்டு.

மத்திய அரசின் எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 என்ற வீட்டுக் கட்டட விதி, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த மண்டலத்தில் திறக்கக்கூடிய ஜன்னல், கதவுகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்கிறது. காரைக்குடியில் இப்போது எழும்பும் பல வீடுகளில் அதில் பாதிகூடத் தேறாது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆய்வு செய்தது. இயற்கைக் காற்றோட்டத்தில் பழகியவர்களுக்குக் கூடுதல் வெப்பத்திலும் சௌகரியம் குறைவதில்லை என்று அது காட்டியது. ஆக, நமக்கு 18 டிகிரி குளிர் தேவையே இல்லை. மேலே ஃபேன் ஓடினால் 26, 27 போதும்.

சரி, ஆச்சி வீட்டுக்கு வருவோம். ஷீட்டைக் கழற்றச் சொல்லவில்லை. குரங்குக்குப் பதில் சொல்ல வேண்டுமே. சிலிகானைச் சுரண்டி, சட்டத்தை ஓட்டு விளிம்பிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, நாலு பக்கமும் கனமான கம்பிவலை அடித்தோம். சாரல் அடிக்காமல் ஷீட்டை இரண்டடி வெளியே நீட்டிவிட்டோம். மறுபடி ஊதுபத்தி வைத்தபோது புகை மேலே போய், வளைந்து, வலை வழியாக நழுவியது.

அப்புறமும் ஐப்பசி மழையில் வடகிழக்கு மூலையில் கொஞ்சம் தண்ணீர் தெறிக்கத்தான் செய்தது. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் சுருட்டி இறக்குகிற தார்ப்பாய் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மழை விட்டதும் ஆச்சியே கயிற்றை இழுத்து ஏற்றிவிடுகிறார்கள்.