மூக்கைச் சுற்றும் ஆங்கிலச் சொற்கள்

ஆந்திராவில், தமிழக எல்லையை ஒட்டிய நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பல பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. ஆங்கிலம் அதற்கு மேல் வந்து சேரும் மூன்றாவது சுமை. அகராதி வரிசையில் சொற்களை உருப்போட வைப்பதுதான் டியூஷன்களில் சுலபமான வழி. சலிப்பூட்டும் வழிதான். ஆனால் எஸ், என் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும் பக்கம் வந்தால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஸ்னீஸ் என்றால் தும்முவது. ஸ்னோர், குறட்டை விடுவது. ஸ்னிஃப் என்றால் மூக்கை உறிஞ்சுவது, மோப்பம் பிடிப்பது. ஸ்னார்ட், மூக்கால் சீறுவது. பன்றியின் நீண்ட மூக்குக்கு ஸ்னவுட் என்று பெயர். ஸ்னஃப், நம் தாத்தாக்கள் மடியில் முடிந்து வைத்திருந்த மூக்குப்பொடி. எல்லாம் மூக்கு! ஜி, எல் சேர்ந்து வரும் பக்கத்தில் வெளிச்சம்: கிளிட்டர், கிளீம், கிளோ, கிளிம்மர் நான்கும் மினுக்கத்தின் வகைகள். கிளேர், கண்ணைக் கூசவைக்கும் ஒளி. இவ்விரு எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களில் ஏறத்தாழ 39 சதவீதம் ஒளியையோ பார்வையையோ குறிப்பவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் கணித மேதை ஜான் வாலிஸ். முடிவிலிக்குப் படுத்த எட்டுப் போன்ற குறியைத் தந்தவர். 1653இல் லத்தீனில் அவர் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இத்தகைய சொற்கூட்டங்களைப் பட்டியலிட்டார். இப்படி ஒரு பொருளோடு சேர்ந்து வரும் ஒலித்துணுக்குக்கு ‘ஃபோனஸ்தீம்’ என்று 1930இல் பெயர் வைத்தவர் ஜே. ஆர். ஃபர்த். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர்.

ஓசைக்கே பொருள் உண்டா? மூக்குச் சொற்களில் கொஞ்சம் உண்டு என்று வாதாடலாம். ‘ன்’ என்று ஒலிக்கும்போது காற்று மூக்கின் வழியேதான் போகிறது. மெல்லினத்துக்குப் பிறப்பிடம் மூக்கு என்று நம் இலக்கணமும் சொல்கிறது. ஆனால் ‘க்ள்’ என்ற ஒலியில் என்ன வெளிச்சம் இருக்கிறது? ஒட்டும் பசைக்கு குளூ, கையுறைக்கு குளவ். இவையும் அதே எழுத்துகளில்தான் தொடங்குகின்றன.

உண்மையில் நடப்பது வேறு. மூலமொழியிலிருந்து வந்த ஒரு சில சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்கியிருக்கும். பிறகு அந்தக் கூட்டம் புதுச் சொற்களைத் தன் பக்கம் இழுக்கிறது. இதற்கு நல்ல சாட்சி தும்மல். பழைய ஆங்கிலத்தில் தும்முவதற்கான சொல் எஸ்ஸில் தொடங்கவில்லை. எஃப், என் என்று தொடங்கியது. அன்றைய கையெழுத்தில் எஸ் நீளமாக இருக்கும். நடுவில் ஒரு சிறு குறுக்குக்கோடு போட்டால் அது எஃப். ‘ஃப்ன்’ என்று தொடங்கும் சொற்கள் வழக்கொழிந்துகொண்டிருந்த காலம் அது. பழக்கமில்லாத எஃப்பை எஸ் என்று வாசித்திருக்கிறார்கள். அந்தப் பிழை நிலைத்துப்போனதற்கு, ‘ஸ்ன்’ என்ற ஒலி மூக்குக்குப் பொருத்தமாகத் தோன்றியதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் அகராதிக்காரர்கள்.

இந்தக் கூட்டம் இன்றும் மூளைக்குள் உயிரோடு இருக்கிறது என்று 2004இல் மொழியியலாளர் பெஞ்சமின் பெர்கன் காட்டினார். திரையில் ஒரு சொல் மின்னி மறையும். அடுத்து வருவது உண்மையான சொல்லா, சும்மா எழுத்துக்கோவையா என்று சட்டென்று சொல்ல வேண்டும். கிளிட்டரை அடுத்து கிளோ வந்தபோது விடை விரைவாக வந்தது. எழுத்து மட்டும் ஒத்த சொற்களுக்கும், பொருள் மட்டும் ஒத்த சொற்களுக்கும் அந்த வேகம் இல்லை. எழுத்தும் பொருளும் சேர்ந்து வரும் இடங்களை மூளை நம்மைக் கேட்காமலே குறித்துவைத்திருக்கிறது.

தமிழிலும் இப்படி உண்டு. பளபள, பளிச், பளீர், பளிங்கு என்ற வரிசையைப் பாருங்கள். ஆனால் நகரியிலிருந்து திருத்தணிக்கு பஸ் ஏறி இறங்குவதற்குள் காது மாறிவிடும். தேய்த்து வைத்த பித்தளைக் குடத்தைத் தெலுங்கர் ‘தளதள’ என்று மின்னுவதாகச் சொல்வார். தமிழ்க் காதுக்குத் தளதள என்றால் உலையில் கொதிக்கும் நீர், அல்லது செழித்து நிற்கும் கீரைப் பாத்தி. ஒலியில் பொருள் இயற்கையாகவே ஒட்டியிருந்தால் இப்படிப் பிரிந்திருக்காது.

இரண்டு மொழியும் சரளமாக வரும் நகரிப் பிள்ளை ஒருவரைத் திரையின் முன் உட்காரவைத்து, ‘தளதள’ என்று காட்டிவிட்டு அடுத்து ‘மின்னல்’ என்றும் ‘கொதி’ என்றும் மாற்றி மாற்றிக் காட்டினால் எதற்கு விடை முந்தி வரும்? பெர்கனின் சோதனையை அங்கே நடத்திப் பார்க்க ஒரு கணினியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.