அம்மம்மாவின் கை ஏன் கொடிக்கு எட்டவில்லை?

மாங்குளத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு வேம்புகளுக்கு நடுவே உடுப்புக் காயப்போடும் கொடி கட்டியிருக்கிறது. போன மாதம் அம்மம்மா, "தம்பி, உதைக் கொஞ்சம் இறக்கிக் கட்டு, கை எட்டுதில்லை" என்றார். "கை கட்டையாகிப் போச்சோ?" என்று சிரித்தேன். கை அப்படியேதான் இருக்கிறது. மாறியது முதுகுப்பக்கம்.

தோள்பட்டை எலும்பு ஒரு முக்கோணத் தகடு, மேல்முதுகில் இரண்டாவது விலாவிலிருந்து ஏழாவது வரை படிந்து கிடக்கும். வேடிக்கை என்னவென்றால், விலாக்கூட்டோடு அதைப் பூட்டி வைக்க மூட்டு எதுவும் கிடையாது. கழுத்தடியில் இருக்கும் காறை எலும்பின் நுனியோடு ஒரு சின்ன மூட்டு, மற்றபடி எல்லாம் 17 தசைகளின் பிடிதான், அதனால் விலாக்களின் மேல் வழுக்கிக்கொண்டே ஏறும், இறங்கும், சுழலும்.

துலாக்கிணறு பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கை, தண்ணீர் அள்ள ஏறி இறங்கும் துலா மரம் என்றால் தோள்பட்டை அதைத் தாங்கி நிற்கும் ஆடுகால். ஆனால் இந்த ஆடுகால் மண்ணில் நட்டதல்ல, துலா எழும்ப எழும்பத் தானும் அசைந்து இடம் கொடுக்கும். கையைத் தலைக்கு மேல் உயர்த்தும் 180 பாகையில் ஏறக்குறைய 120 தோள்மூட்டில் நடக்கிறது, மீதி 60 தோள்பட்டை சுழன்று தருவது. சுழன்றால் மட்டும் போதாது, அதன் மேல்விளிம்பு பின்னுக்கும் சாய வேண்டும். சாயாவிட்டால் தோளுச்சியில் தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புக்கும் மேற்கை எலும்புக்கும் இடையில் ஓடும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கு இடம் ஒடுங்கிவிடும்.

சரி, வயது போனால் என்ன நடக்கிறது? முள்ளந்தண்டின் இடைத்தட்டுகள் வற்றித் தட்டையாகும். எலும்பு நலிந்தவர்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகிவிடுவதும் உண்டு. மேல்முதுகு கூனும். அடியில் கிடக்கிற விலாக்கூடு வளைந்தால் மேலே கிடக்கும் தகடு மட்டும் நேராக இருக்குமா, அதுவும் முன்னுக்குச் சரிகிறது, அது போதாதென்று நெஞ்சுப்பக்கச் சிறு தசையொன்று இறுகி இன்னும் முன்னே இழுக்கிறது. பின்னுக்குச் சாய்க்க வேண்டிய தசைகளோ மெலிந்துகொண்டு வருகின்றன. 30 வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 வீதம் வரை தசை குறைவது வழமை. அப்புறம் உடம்பு குறுக்குவழி தேடும்: தோளைக் காதுவரை தூக்கி, நாரியை வளைத்து எட்டப் பார்க்கும். அம்மம்மா அச்சொட்டாக அப்படித்தான் செய்கிறார்.

நம்பாவிட்டால் கதிரையில் நன்றாகக் கூனி இருந்து கையைத் தூக்கிப் பாருங்கள், பிறகு நிமிர்ந்திருந்து தூக்கிப் பாருங்கள். இளந்தாரிக்கும் வித்தியாசம் தெரியும்.

கூன் விழுந்த எல்லாருக்கும் தோளில் நோ வரும் என்றில்லை. தசைநாண் கிழிந்தும் ஒரு குறையும் தெரியாமல் திரியும் முதியவர்கள் நிறையப் பேர். முதுகை நிமிர்த்தும் பயிற்சியும் சுவரில் கையை ஊன்றித் தள்ளும் பயிற்சியும் அசைவைக் கொஞ்சம் மீட்டுத் தரலாம். அம்மம்மாவுக்கும் காட்டிக் கொடுத்தேன், நாலு நாள் செய்தார், ஐந்தாம் நாள் "கொடியை இறக்கினியோ?" என்று கேட்டார்.

இறக்கிவிட்டேன். இப்போது இருட்டில் முற்றத்துக்குப் போனால் அது என் நெற்றியில் முட்டுகிறது.