மாஷ் டன் வாங்கும் முன் குழாயைப் பாருங்கள்

அமெரிக்காவில், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம், பெரும்பாலும் பார்லி) சாமான்களும் விற்கும் கடையில் வேலை செய்கிறேன். போன வாரம் காலில் கட்டோடு இன்னொருவர் வந்தார். நடந்தது வழக்கமானதுதான். வால்வில் மாட்டியிருந்த வினைல் குழாய் சூட்டில் இளகி நழுவ, 70 டிகிரியில் இருந்த வோர்ட், அதாவது மால்ட்டை ஊறவைத்து வடித்த சாறு, செருப்புக் காலில் கொட்டிவிட்டது. எவர்சில்வர் மாஷ் டன்னுக்கு, அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் பாத்திரத்துக்கு, தாராளமாகச் செலவழித்தவர் குழாயில் போய் மிச்சம் பிடித்திருக்கிறார். 60 டிகிரித் தண்ணீரே ஐந்து விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். வோர்ட்டோ சர்க்கரைச் சாறு, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

தயவுசெய்து சிலிக்கோன் குழாய் வாங்குங்கள். இரு முனையிலும் கிளாம்ப் போடுங்கள். எவர்சில்வர் பால் வால்வு நல்லது. பித்தளைதான் என்றால் ஈயமில்லாததா என்று பார்த்து வாங்குங்கள். மூடிய ஷூ இல்லாமல் வால்வைத் தொடாதீர்கள்.

பாத்திரத்தைப் பொறுத்தவரை சாதாரண கூலரே (சூடும் குளிரும் காக்கும் ஐஸ் பெட்டி) போதும். மால்ட்டை ஒரு மணி நேரம் 65–68 டிகிரியில் ஊறவைப்பதுதான் அதன் வேலை, அதை நன்றாகவே செய்யும். முதலில் வெந்நீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் சூடேற்றிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தை அடுப்பில் வைத்துச் சூடேற்றலாம் என்பது உண்மை, ஆனால் போர்வை சுற்றாவிட்டால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். அளவில்தான் ஏமாறுகிறார்கள். 5 கேலன், அதாவது 19 லிட்டர் பீருக்கு ஏறக்குறைய 5 கிலோ மால்ட் வேண்டும். கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் 15 லிட்டர் தண்ணீர், மால்ட் தானே பிடிக்கும் இடம் 3 லிட்டருக்கு மேல். 5 கேலன் கூலரில் இது விளிம்பைத் தொட்டுவிடும், கிளறக்கூட இடமிருக்காது. 10 கேலன் கூலராக வாங்குங்கள்.

சரி, என்னை அதிகம் சோதிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். "வோர்ட் இறங்கவே மாட்டேன் என்கிறது, இன்னும் நல்ல ஃபால்ஸ் பாட்டம் (பாத்திரத்தின் அடியில் போடும் துளைத்தட்டு) கொடுங்கள்." இந்தக் கோரிக்கை இல்லாமல் எனக்கு ஒரு சனிக்கிழமை கழிவதில்லை. வடிகட்டுவது அந்தத் துளைத்தட்டு அல்ல, மால்ட்டின் உமி. தட்டு உமிப்படுகையைத் தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். உமி தூளாகிவிட்டால் எந்த விலைத் தட்டும் அடைத்துக்கொள்ளும். "எதில் அரைத்தீர்கள்?" என்று கேட்டால், "வீட்டு மிக்ஸியில்" என்று பதில் வருகிறது! மிக்ஸி உமியைக் கிழித்து மாவாக்கிவிடும். மால்ட்டை உருளை மில்லில்தான் உடைக்க வேண்டும். இடைவெளி 1 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். உடைத்ததில் ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். உமி பெரும்பாலும் முழுசாக இருக்க வேண்டும், உள்ளே இருப்பது குருணையாக உடைந்திருக்க வேண்டும், மாவு கொஞ்சமாக இருக்க வேண்டும். முழுத் தானியங்கள் தெரிந்தால் அதுவும் தப்பு. மாவுச்சத்து வெளியே வராது, சர்க்கரை குறையும். அதற்கும் பாத்திரத்தைத்தான் குறை சொல்கிறார்கள். கோதுமைக்கும் ரை என்ற தானியத்துக்கும் உமி கிடையாது. அவற்றை நிறையச் சேர்த்தால் நெல் உமியைக் கழுவிக் கலந்துகொள்ளுங்கள்.

வால்வை முழுசாகத் திறக்காதீர்கள், படுகை அமுங்கி இறுகிவிடும். கால்வாசி திறந்து, முதலில் வரும் கலங்கலைத் தெளியும்வரை மெதுவாக மேலே திருப்பி ஊற்றுங்கள். அடைத்துக்கொண்டால் வால்வை மூடிக் கிளறிவிட்டு, பத்து நிமிடம் விட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள். குழாயில் வாய் வைத்து ஊதவே கூடாது.

மால்ட்டில் மிச்சமிருக்கும் சர்க்கரையை எப்படி அலசி எடுக்கப்போகிறீர்கள் என்பதையும் வாங்குமுன் முடிவு செய்யுங்கள். முழுவதும் வடித்துவிட்டு மறுபடி வெந்நீர் ஊற்றிக் கிளறி வடிக்கிறவர்களுக்கு ஒரு எவர்சில்வர் பின்னல் குழாயே தாராளம். மேலிருந்து தொடர்ந்து தெளித்துக்கொண்டே வடிப்பவர்களுக்குத்தான் அடிப்பரப்பு முழுவதையும் மூடும் ஃபால்ஸ் பாட்டம் தேவை, இல்லாவிட்டால் தண்ணீர் ஒரே வழியாக இறங்கிவிடும். எந்த முறையானாலும் அலசும் தண்ணீர் 77 டிகிரியைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் உமியின் துவர்ப்பு வோர்ட்டில் கலந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம். அமெரிக்காவில் 1978-ல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அனுமதித்தும், அலபாமா, மிசிசிப்பி மாநிலங்கள் 2013-ல்தான் இறங்கிவந்தன.

மால்ட்டைத் துணிப்பையில் போட்டுப் பாத்திரத்திலேயே ஊறவைத்து, பையைத் தூக்கி எடுத்துவிடும் முறை மலிவு, எனக்கும் பிடித்தது. ஆனால் 5 கிலோ மால்ட் ஊறினால் பை 10 கிலோவுக்குக் குறையாது, அதுவும் கொதிசூட்டோடு. கையால் நெஞ்சுயரத்துக்குத் தூக்காதீர்கள். மேலே கப்பி மாட்டி, அடுப்பை அணைத்துவிட்டுத் தூக்குங்கள். அடுப்பு எரியும்போது பை அடியைத் தொட்டால் உருகிவிடும்.

எல்லாம் ஒன்றாய் வரும் மின்சாரப் பாத்திரங்களில், இங்குள்ள 120 வோல்ட் பிளக்கில் ஓடுபவை 30 லிட்டரைக் கொதிக்கவைக்கத் திணறும். உடனே 240 வோல்ட்டுக்குப் போகிறார்கள். அது ஜிஎஃப்சிஐ (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) பாதுகாப்போடு இருந்தே ஆக வேண்டும். தரையெல்லாம் ஈரமாக இருக்கும் வேலை இது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் பிளக்கிலிருந்து நீளக் கம்பி இழுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், பாத்திரம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.