புறவொலித் தடுப்பு: ‘இரைச்சல் தனிமைப்படுத்தல்’ ஏன் பிழை?

டிஜே ஹெட்போன்களைப் பற்றித் தமிழில் வரும் மதிப்புரை எதைத் திறந்தாலும் ‘சிறந்த இரைச்சல் தனிமைப்படுத்தல் கொண்டது’ என்ற வரி வந்து நிற்கிறது. விற்பனைப் பக்கங்களிலும் அதே வரிதான். ‘நாய்ஸ் ஐசொலேஷன்’ என்பதற்குத் தமிழாம் இது. பொருளைத் தலைகீழாக்கும் இந்தச் சொல்லை இனியும் புழங்க விடக் கூடாது.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் ‘இன்சுலா’ என்றால் தீவு. அது இத்தாலியத்தில் ‘ஈசொலா’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘ஐசொலேட்’ ஆனது. ஹெட்போன் விஷயத்தில், வெளியே இருக்கும் சத்தம் காதுக்குள் வராதபடி கிண்ணமும் குஷனும் சேர்ந்து மறித்து நிற்பதைத்தான் அது குறிக்கிறது. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். காதை எவ்வளவு நன்றாக மூடுகிறதோ அவ்வளவு தடுக்கும்.

இப்போது அந்தத் தமிழை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரைச்சலைத் தனிமைப்படுத்துகிறோம். அப்படியானால் தனித்து நிற்கப்போவது எது? இரைச்சல்தான். நோயாளியைத் தனிமைப்படுத்தினால் நோயாளி ஓர் அறையில் தனியாக இருப்பார். கனிமத்திலிருந்து ஒரு தனிமத்தைத் தனிமைப்படுத்தினால் கையில் மிஞ்சுவது அந்தத் தனிமம். தமிழில் ‘தனிமைப்படுத்து’ என்றால் செயப்படுபொருளைத் தனியே எடுத்து வைப்பது என்றே பொருள். ஆக, இந்த மொழிபெயர்ப்பின்படி, பாட்டையெல்லாம் வடிகட்டிவிட்டு இரைச்சலை மட்டும் காதுக்குள் ஊட்டும் கருவி அது. வாங்குகிறவருக்கு வேண்டியது நேர் எதிரானது.

‘கலைச்சொல் என்றால் ஒரே சீராக இருக்க வேண்டும், மருத்துவத்திலும் வேதியியலிலும் தனிமைப்படுத்தல் என்று ஏற்றுக்கொண்டாயிற்றே’ என்று வாதிடுவோர் உண்டு. இந்த வாதம் நிற்காது. அதே ‘இன்சுலா’விலிருந்து பிறந்த இன்னொரு சொல் ‘இன்சுலேஷன்’. அதை நம் முன்னோடிகள் எப்படித் தமிழாக்கினார்கள்? மின்காப்பு, வெப்பக்காப்பு. தீவையும் தேடவில்லை, தனிமையையும் தேடவில்லை. கம்பியின் மேலுறை என்ன வேலை செய்கிறது என்று பார்த்தார்கள், காக்கிறது, அதனால் காப்பு என்றார்கள். இன்று யாருக்கும் அதற்கு அகராதி தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் பத்து வேலை செய்தால் தமிழிலும் ஒரே சொல்தான் பத்துக்கும் வேண்டும் என்பது எந்த இலக்கணத்திலும் இல்லாத விதி.

சரி, ‘ஒலிக்காப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா? பார்க்க அழகான சொல்தான். ஆனால் ஒலியைப் பாதுகாத்து வைப்பது, அதாவது பழைய பதிவுகளைச் சேமிப்பது, என்றும் அதைப் படிக்க முடியும். தொழிற்சாலைகளில் மாட்டும் செவிக்காப்போடும் குழம்பும். எனக்கு அதில் திருப்தி இல்லை.

இன்னொரு சாரார் ‘இரைச்சல் நீக்கம்’ என்கிறார்கள். இது வேறொன்றுக்குச் சரியான பெயர். ‘நாய்ஸ் கேன்சலிங்’ என்ற முறையில் கருவிக்குள் ஒரு மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கிறது. மின்சுற்று அதற்கு எதிரான அலையை உண்டாக்குகிறது. இரண்டும் மோதி ஒன்றையொன்று அழிக்கின்றன. இந்த எண்ணத்துக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். வந்த சத்தத்தை இல்லாமல் ஆக்குவதால் இதை நீக்கம் என்பது பொருந்தும். வரவே விடாமல் மறிப்பது தடுப்பு. வேலியைத் தாண்டி வந்த மாட்டை விரட்டுவதும் வேலி போடுவதும் ஒன்றாகுமா? இரண்டையும் ‘நீக்கம்’ என்று எழுதிவிட்டால், பேட்டரியே இல்லாத ஹெட்போனை வாங்கியவர் அந்த வசதியை இயக்கும் பொத்தான் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்து ‘இரைச்சல்’. டிஜேக்கு இந்தச் சொல்லும் பொருந்தவில்லை என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. இரைதல் என்றால் கடல் போல, கூட்டம் போல ஒழுங்கில்லாமல் ஒலிப்பது. டிஜேயின் காதுக்கு வெளியே இருப்பது அப்படிப்பட்டதல்ல; அரங்கம் ஆடிக்கொண்டிருக்கும் பாட்டு அது. அவர் ஹெட்போனின் ஒரு கிண்ணத்தில் அடுத்த பாட்டைக் கேட்கிறார், மறுகாதைத் திறந்து வைத்து ஓடுகிற பாட்டைக் கேட்கிறார், இரண்டின் தாளத்தையும் பொருத்துகிறார். வெளியே இருப்பது அவருக்குப் பாதி வேலை. அதைப் போய் இரைச்சல் என்பதா? அதனால்தான் ‘புறவொலித் தடுப்பு’ என்கிறேன். புறத்திலிருந்து வரும் ஒலி பாட்டாக இருந்தாலும் பேச்சாக இருந்தாலும் விசிறிச் சத்தமாக இருந்தாலும் இந்தச் சொல்லுக்குள் அடங்கும். ‘வெளியொலி’ என்றும் சொல்லலாம்தான். ஆனால் அது ஹெட்போன் வெளியிடும் ஒலி என்று தோன்றக்கூடும்.

சொல் தெளிவானால் கருவியை மதிப்பிடுவதும் தெளிவாகும். தடுப்பு என்றதும், எது தடுக்கிறது, எங்கே ஓட்டை என்று கேட்கத் தோன்றும். பாட்டு ஓடும்போது இரண்டு கிண்ணங்களையும் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பாஸ், அதாவது பாட்டின் தாழ்ந்த ஒலி, சட்டென்று கூடினால் குஷன் காதைச் சரியாக மூடவில்லை என்று பொருள். கண்ணாடி போட்டிருப்பவர்களுக்குக் காதோரம் கம்பி போகும் இடத்தில் இந்த இடைவெளி விழும். புறவொலி உள்ளே வரும் அதே வழியாகத்தான் பாஸும் வெளியே போகிறது. ‘பாஸ் இல்லை’ என்று மதிப்புரையில் குறைகூறப்படும் ஹெட்போன்களில் சில, அந்த மதிப்பாளரின் தலையில் சரியாக உட்காராதவையாக இருக்கலாம்.

இறுக்கமும் இதே கணக்குதான். சென்ஹைசர் 1988-ல் கொண்டுவந்த எச்டி 25 காதின் மேலேயே உட்காரும் சிறிய ஹெட்போன். இருந்தும் டிஜேக்கள் அதை விடாமல் பிடித்திருப்பதற்கு அதன் அழுத்தமான பிடிப்பும், இரண்டாகப் பிரியும் தலைப்பட்டையும், ஒரு கிண்ணத்தைக் காதிலிருந்து திருப்பிவிடும் வசதியும், ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாற்ற முடிவதும் காரணம். பிடிப்பு தளர்ந்தால் தடுப்பு போயிற்று. தடுப்பு போனால் கை தானாக வால்யூமைக் கூட்டும். 85 டெசிபெல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம், 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான் என்பது அமெரிக்காவின் நயோஷ் நிறுவனம் வேலையிடங்களுக்குப் பரிந்துரைத்த வரம்பு. ஆக, இது காதின் ஆயுளைப் பற்றிய சொல். ‘தனிமைப்படுத்தல்’ என்று படிப்பவருக்கு இதில் ஏதாவது புரியுமா?

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள கோபம் இதுதான். கருவியைத் தலையில் மாட்டிப் பார்க்காமலே பெயர் வைக்கிறார்கள். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு, தமிழில் எழுதினால் யாருக்கும் புரிவதில்லை என்று பழியைத் தமிழ் மேல் போடுகிறார்கள். அதைவிட ‘ஹெட்போன்’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டதுபோல ‘நாய்ஸ் ஐசொலேஷன்’ என்றே எழுதியிருந்தால்கூட எனக்கு மனக்குறை இல்லை. கடன் சொல் பொய் சொல்லாது.

எழுதும்போது பெயராக ‘புறவொலித் தடுப்பு’ என்று நடுவில் ‘த்’ சேர்த்து, வலி மிகுத்து எழுதுங்கள். அடைமொழியாக வேண்டுமானால் ‘புறவொலி தடுக்கும் ஹெட்போன்’. மின்சுற்றால் நடப்பதற்கு ‘இரைச்சல் நீக்கம்’ இருக்கட்டும். இரண்டும் ஒரே கருவியில் இருந்தால் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். தடுப்பின் அளவை டெசிபெலில் கொடுத்தால், அது தாழ்ந்த ஒலிகளுக்கா உயர்ந்த ஒலிகளுக்கா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏனென்றால் குஷன்கள் உயர்ந்த ஒலிகளை நன்றாக மறிக்கும், டிரம்மின் அடி எப்படியும் கொஞ்சம் உள்ளே வந்துவிடும்.