அந்தக் கட்டுரையைத் தேடிப் படிப்பவர் யார்?

தமிழ் விக்கிப்பீடியாவில் மருத்துவக் கட்டுரைகள் எழுத விரும்பும் இளைஞர்கள் தருமபுரியிலும் இருக்கிறார்கள். டெங்கு, இரத்தசோகை என்று எழுதுபவர்களுக்கு நான் அதிகம் சொல்வதில்லை. உணவுக் கோளாறுகளைப் பற்றி எழுதப்போகிறேன் என்று யாராவது சொன்னால் உட்காரவைத்துப் பேசுகிறேன். டெங்கு பற்றிப் படித்து யாரும் டெங்குவை வரவழைத்துக்கொள்ள முடியாது. உணவை மிகவும் குறைத்து உடலை மெலியவைக்கும் அனோரெக்சியா நெர்வோசா பற்றிய கட்டுரையை, அந்த நோய் உள்ளவர் பயிற்சிப் பாடமாகவே படிக்க முடியும். மனநல மருத்துவராக இதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

விடுதியில் தங்கி பிளஸ் டூ படித்த ஒரு மாணவி. அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை, எண்டோஸ்கோப்பி, தைராய்டு பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் அழைத்துவந்தார்கள். "குண்டாகிவிடுவேன்" என்று அவள் ஒருமுறையும் சொல்லவில்லை. "சாப்பிட்டால் வயிறு கல் மாதிரி ஆகிவிடுகிறது டாக்டர்" என்றாள். வீட்டுக்கு வந்தால் களியும் கீரைக் குழம்பும் ஆசையாகச் சாப்பிடும் பிள்ளை, இப்போது ஒரு உருண்டையில் கால் பங்கைக்கூடத் தொடுவதில்லை என்று அம்மா அழுதார். வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எண்கள். இணையத்தில் படித்த யார் யாருடைய எடையோ, ஒரு நாளைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கலோரியோ அவை. ஒவ்வொன்றுக்கும் கீழே, அதைவிடக் குறைவாக, தன்னுடையதை எழுதி வைத்திருந்தாள். சாப்பாட்டைத் தவிர்க்க அவள் என்ன செய்தாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

எழுத வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான். நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்ற எண் இருக்கட்டும். ஒருவர் எத்தனை கிலோவுக்கு இறங்கினார், எவ்வளவு கலோரியில் நாளைக் கடத்தினார் என்ற எண்கள் வேண்டாம். எலும்பு துருத்திய உடலின் படமும் வேண்டாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 கையேடு, அனோரெக்சியாவின் தீவிரத்தை உடல் நிறைக் குறியெண்ணை (உயரத்துக்கு ஏற்ற எடையின் அளவான பி.எம்.ஐ.) வைத்துத்தான் பிரிக்கிறது. அது உண்மைத் தகவல். ஆனால் அந்த அட்டவணையைக் கட்டுரையின் தலையில் வைத்தால், நோயாளிக்கு அது இறங்கவேண்டிய படிக்கட்டாகத் தெரியும். எடை வைத்துத் தீவிரத்தை அளக்கிறார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, எடை இயல்பாக இருந்தும் உயிராபத்தில் இருப்பவர்கள் உண்டு என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள்.

"கலைக்களஞ்சியம் உண்மையை மறைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விக்கிப்பீடியா தணிக்கை செய்வதில்லை; அதே விக்கிப்பீடியா செய்முறைக் கையேடும் அல்ல. ஒரு வரைவில், புலிமியா (அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு அதை வெளியேற்ற முயலும் நோய்) உள்ளவர்கள் வாந்தியெடுக்கக் கையாளும் வழிகள் ஒவ்வொன்றாக வந்திருந்தன. அதை எடுத்துவிட்டு இப்படி எழுதினோம்: "அடிக்கடி வாந்தியெடுப்பதால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், இரைப்பை அமிலம் பல்லின் எனாமலை அரிக்கும், கன்னத்தருகே உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கும்." பழைய வரிகளைவிட இதில்தான் அறிவு அதிகம். ஒரு பல் மருத்துவருக்கும் ஒரு தாய்க்கும் இது உதவும்.

வேறொரு வரியும் அடிக்கடி வருகிறது: "நன்றாகச் சாப்பிட வைத்தால் சரியாகிவிடும்." இதை நான் விடுவதே இல்லை. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென மாவுச்சத்தும் குளுக்கோஸும் ஏற்றினால், இன்சுலின் உயர்ந்து பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் போய்விடும். இரத்தத்தில் அவை சரிந்தால் இதயமும் மூச்சும் தடுமாறும். அதனால்தான் தயமின் என்ற வைட்டமின் பி1 கொடுத்து, இரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக உணவைக் கூட்டுகிறோம். பாசத்தில் ஊட்டும் கை ஆபத்தாகிவிடாமல் இருக்க, இந்தப் பத்தி கட்டுரையில் இருந்தே ஆகவேண்டும்.

சாப்பிட மறுப்பவர்களைப் பற்றிச் சொல்லும் "பிடிவாதம்", "திமிர்" போன்ற சொற்களுக்கு 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த ஆய்வு பதில் சொல்கிறது. ஆரோக்கியமான 36 ஆண்கள் தாமாக முன்வந்து அரைப்பட்டினி இருந்தார்கள். எந்நேரமும் உணவு நினைப்பு, மனச்சோர்வு, எரிச்சல், ஒதுங்கியிருத்தல் எல்லாம் அவர்களுக்கும் வந்தன. பட்டினியே மனத்தை மாற்றுகிறது.

வறட்சியும் பற்றாக்குறையும் தெரிந்த நம் மாவட்டத்தில், இதைப் பணக்காரர் நோய் என்று எழுதிவிடுவது எளிது. ஃபிஜித் தீவின் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது 1995இல். எடையைக் குறைக்க வாந்தியெடுத்த பள்ளி மாணவியர் அப்போது ஒருவரும் இல்லை, 1998இல் 11.3 விழுக்காடு. கைப்பேசி இல்லாத விடுதி மாணவி நம் ஊரில் எத்தனை பேர்?

சான்றுகளில் கறாராக இருங்கள். மாதவிடாய் நின்றால்தான் அனோரெக்சியா என்ற விதியை டி.எஸ்.எம்-5 2013லேயே நீக்கிவிட்டது. பழைய நூலைப் பார்த்து எழுதினால், நோயுள்ள பையன்கள் கட்டுரையிலிருந்தே காணாமல் போவார்கள். நடிகைகளின் உடல்நிலை பற்றிய வதந்திக்கு இடம் தராதீர்கள். நான் என் அறையில் பார்த்ததும் அங்கே சான்றாகாது. மீளாய்வுக் கட்டுரைகளும் பாடநூல்களும்தான் சான்று.

சிகிச்சைப் பகுதியை இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். வளரிளம் பருவத்தினருக்குப் பெற்றோரே உணவுப் பொறுப்பை ஏற்கும் குடும்பவழிச் சிகிச்சையும், புலிமியாவுக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சையும் பலன் தருகின்றன. பெற்றோர் குற்றவாளிகள் அல்லர், சிகிச்சையில் கூட்டாளிகள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். இதைப் படிப்பவர் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் போனில் பேசிக்கொண்டிராமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.