எம்.டபிள்யூ.இ.: எடுக்கவும் வேண்டும், காட்டவும் வேண்டும்

கட்டளைகளோடு எழுதி ஓட்டினால் அச்சுப் பக்கம் தரும் லேடெக் மென்பொருளில் ஆவணம் தயாரிக்கும்போது ஏதாவது சிக்கி உதவி கேட்டால், முதலில் வரும் பதில் பெரும்பாலும் ஒரு மறுகேள்விதான்: "எம்.டபிள்யூ.இ. இருக்கிறதா?" புதிதாக வந்தவருக்கு இது தட்டிக்கழிப்பது போலத் தோன்றும். ஆனால் உட்கார்ந்து பார்த்துத் தீர்த்துவைக்க நினைப்பவர்தான் இப்படிக் கேட்பார். அக்கறை இல்லாதவர் பேசாமல் கடந்து போய்விடுவார்.

விரித்தால் மினிமல் வொர்க்கிங் எக்ஸாம்பிள். சிக்கலைக் காட்டப் போதுமான, அதற்கு மேல் ஒரு வரிகூட இல்லாத, ஆனால் முழுமையான ஒரு குட்டி ஆவணம் என்று பொருள். டாக்குமென்ட்கிளாஸ் வரியில் தொடங்கி, எண்ட்-டாக்குமென்ட் வரியில் முடியும். உதவுபவர் அதை அப்படியே எடுத்துத் தன் கணினியில் ஓட்டினால், உங்கள் திரையில் தெரியும் அதே கோளாறு அவர் திரையிலும் தெரிய வேண்டும்.

மூன்று சொற்களில் மினிமல் எளிது. 'மிகச் சிறிய' என்னும் பொருளுள்ள மினிமுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வொர்க்கிங் என்பதுதான் குழப்பும். பிழை வந்து பாதியில் நிற்கும் நிரலை எப்படி 'வேலை செய்யும்' நிரல் என்பது? இங்கே அந்தச் சொல் குறிப்பது நிரல் சரியாக இருப்பதை அல்ல. வேறொருவர் கணினியிலும் அதே கோளாறை வரவழைக்கும் வேலையை அது செய்கிறது, அவ்வளவுதான். ஜெர்மன்காரர்கள் இந்தக் குழப்பத்துக்கே இடம் வைக்காமல் 'மினிமால்பைஷ்பீல்' என்று முடித்துவிடுகிறார்கள். மற்ற நிரல்மொழிக்காரர்கள் பலர் வொர்க்கிங்கை எடுத்துவிட்டு, 'திரும்ப வரவழைக்கத்தக்க' என்று பொருள்படும் ரீப்ரொடியூசிபிள் என்பதைப் போடுகிறார்கள்.

எக்ஸாம்பிள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதன் மூலம் லத்தீன் எக்ஸெம்ப்லும். அதுவோ 'வெளியே எடு' என்னும் வினையிலிருந்து பிறந்தது. நம் எடுத்துக்காட்டும் அதே கருத்தில்தான் அமைந்திருக்கிறது, கூடவே ஒரு வினையையும் சேர்த்துக்கொண்டு. நன்னூல், காண்டிகையுரை என்னும் சுருக்க உரைவகைக்கு இலக்கணம் சொல்லும்போது கருத்து, பதப்பொருள், காட்டு என்று அடுக்குகிறது; அங்கே உதாரணத்துக்குப் பெயர் வெறும் 'காட்டு'. எடுத்துக்காட்டு என்னும்போது எடுப்பதும் காட்டுவதும் இரண்டும் வந்துவிடுகின்றன. உதவி கேட்பவர் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளும் இவைதாம்.

எடுக்காமல் காட்டுகிறவர்கள் உண்டு. இருநூறு பக்க ஆய்வேட்டின் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக அனுப்பி, "ஏழாம் அத்தியாயத்தில் படத்தின் எண் தப்பாக வருகிறது" என்பார்கள். எடுத்தும் காட்டாதவர்களும் உண்டு. சந்தேகப்படும் ஒற்றை வரியை மட்டும் பிய்த்துப் போட்டு, "இதில் என்ன தப்பு?" என்பார்கள். இரண்டாவது வகை அடக்கமான கேள்வி போலத் தெரிந்தாலும், பதில் சொல்ல இன்னும் கடினமானது. காரணம் லேடெக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. 1978-இல் டொனால்ட் க்னூத் உருவாக்கிய அச்சுக்கோப்பு நிரலான டெக், அதன்மேல் 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் எழுப்பிய லேடெக், இரண்டுமே மேக்ரோக்களை, அதாவது பல கட்டளைகளுக்குப் பதிலாக நிற்கும் பெயர்களை, விரித்து இயங்குபவை. எந்தக் கட்டளையையும் எந்தப் பேக்கேஜும் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் தொகுப்பு) மாற்றி வரையறுக்கலாம். ஒரே செக்‌ஷன் கட்டளை ஆர்ட்டிகிள் என்ற ஆவண வகுப்பில் ஒரு மாதிரியும், பல்கலைக்கழக டெம்ப்ளேட்டில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். அதனால் தனி வரிக்குத் தனியாகப் பொருளே கிடையாது.

அதுபோன்ற ஒரு படத்தின் எண் சிக்கலையே எடுத்துக்கொள்வோம். ஆவணத்தின் முதல் படம். "படம் 1-ஐப் பார்க்க" என்று வர வேண்டிய இடத்தில் "படம் 3-ஐப் பார்க்க" என்று வருகிறது. இதைச் சிறிதாக்க என்ன வேண்டும்? ஆர்ட்டிகிள் வகுப்பு. மூன்று செக்‌ஷன் தலைப்புகள், அடியில் எதுவும் எழுத வேண்டாம். மூன்றாவதன் கீழ் ஒரு ஃபிகர் (படத்துக்கான சூழல்), அதற்குள் கேப்ஷனும் (படத்தின் தலைப்பு) லேபிளும் (படத்துக்கு நாம் வைக்கும் அடையாளப் பெயர்). கடைசியில் அந்த லேபிளைச் சுட்டி எண்ணை வரவழைக்கும் ஒரு ரெஃப். உங்கள் படக்கோப்பு மற்றவரிடம் இருக்காது. அதன் இடத்தில் ரூல் கட்டளையால் ஒரு கறுப்புப் பெட்டி போட்டால் போதும். எம்.டபிள்யூ.இ. என்ற பெயரிலேயே ஒரு பேக்கேஜும் உண்டு, அதனுடன் மாதிரிப் படங்கள் வரும், அவற்றையும் பயன்படுத்தலாம். இரண்டு முறை ஓட்டுங்கள், ஏனென்றால் முதல் ஓட்டத்தில் ரெஃப் இருக்கும் இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்தான் வரும். இப்போதும் 3 என்றே வருகிறதா? சரி, கேள்வி தயார்.

இந்தப் பத்துப் பன்னிரண்டு வரிகளைப் பார்த்ததுமே பழகியவர் கண்டுபிடித்துவிடுவார்: லேபிள், கேப்ஷனுக்கு மேலே இருக்கிறது. படத்துக்கு எண் கொடுப்பது ஃபிகர் சூழல் அல்ல, கேப்ஷன் கட்டளை. லேபிள் தனக்கு முன் கடைசியாகக் கொடுக்கப்பட்ட எண்ணைப் பிடித்துக்கொள்ளும். கேப்ஷன் இன்னும் வராததால் அதன் கையில் கிடைப்பது செக்‌ஷனின் எண், அதாவது 3. லேபிளைக் கேப்ஷனுக்குக் கீழே இறக்கினால் தீர்ந்தது. இருநூறு பக்கத்தில் யாருக்கும் கண்ணில் படாதது பன்னிரண்டு வரியில் ஒளிய முடியாது. பல சமயம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்பவருக்கே விடை தெரிந்துவிடும். இந்த முறையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அதுவே பெரிய காரணம்.

வெட்டுவதற்கு எளிய வழி, கோப்பின் நகலை எடுத்து அதன் நடுவில் எண்ட்-டாக்குமென்ட் வரியைச் செருகுவது. அதற்குப் பிறகு உள்ளதை லேடெக் படிக்கவே படிக்காது. கோளாறு இன்னும் இருந்தால் அது முன்பாதியில், மறைந்துவிட்டால் பின்பாதியில். அப்புறம் அந்தப் பாதியைப் பாதியாக்குங்கள். அடுத்து, டாக்குமென்ட்கிளாஸ் வரியை ஒட்டி வரும் முகப்புப் பகுதிக்கு வாருங்கள். டெம்ப்ளேட்டிலிருந்து பரம்பரையாக வந்து சேர்ந்த பேக்கேஜ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் கோளாறு போகிறதோ அதைத் திரும்பப் போட்டுவிடுங்கள், அது கேள்வியின் பகுதி. இடையிடையே, ஓட்டும்போது தானாக உருவாகும் ஆக்ஸ் கோப்பையும் அழிக்க வேண்டும். பழைய ஓட்டத்தின் மிச்சம் அதில் தங்கியிருந்து, திருத்தியபிறகும் பிழை காட்டுவதுண்டு. நூற்பட்டியலில் சிக்கல் என்றால் நூல் விவரங்கள் உள்ள பிப் கோப்பைத் தனியாக அனுப்ப வேண்டியதில்லை. ஃபைல்கண்டென்ட்ஸ் சூழலுக்குள் இரண்டு பதிவுகளை எழுதிவிட்டால், ஓட்டும்போது அந்தக் கோப்பு தானாக உருவாகிவிடும்.

மினிமல் என்ற சொல்லை நம்பிப் பலர் விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. லேடெக்கில் மினிமல் என்றே ஒரு ஆவண வகுப்பு உண்டு. சிறு எடுத்துக்காட்டுக்கு இதுதானே பொருத்தம் என்று தோன்றும். ஆனால் அதில் சாதாரண எழுத்தளவு தவிர வேறு அளவுகள் வரையறுக்கப்படவே இல்லை. லார்ஜ் என்று எழுதினால்கூட 'அறியாத கட்டளை' என்ற பிழை வரும். செக்‌ஷனும் கிடையாது. உங்கள் சிக்கலோடு சம்பந்தமில்லாத புதுச் சிக்கல்களை அது கொண்டுவரும். ஆர்ட்டிகிள் வகுப்பையே வையுங்கள். கோளாறு வேறொரு வகுப்பில் மட்டும்தான் வருகிறது என்றால் அந்த வகுப்பை வையுங்கள்.

நிரலுடன் சில வரிகள் எழுத்திலும் வேண்டும். எதை எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எந்த இன்ஜினில் (கோப்பைப் படித்துப் பக்கமாக்கும் நிரலில்) ஓட்டினீர்கள். கடைசியில் சொன்னதைத் தமிழில் தட்டச்சு செய்பவர்கள் மறக்கவே கூடாது: ஸீலேடெக்கில் ஓடும் தமிழ்க் கோப்பைப் பிடிஎஃப்லேடெக்கில் ஓட்டினால் பிழைதான் வரும், உதவ வந்தவர் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பிழைச்செய்தியை உங்கள் சொற்களில் சுருக்காதீர்கள். ஓட்டத்தின் பதிவான லாக் கோப்பில் ஆச்சரியக்குறியோடு தொடங்கும் முதல் வரியையும், அதைத் தொடர்ந்து எல் என்ற எழுத்தும் வரி எண்ணும் வரும் வரியையும் அப்படியே நகலெடுங்கள். முதல் பிழைதான் முக்கியம். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

இனி தமிழில் என்ன சொல்வது? 'குறைந்தபட்ச வேலைசெய்யும் உதாரணம்' என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் இரண்டு இடத்தில் இடறும். குறைந்தபட்சம் என்றால் நமக்கு 'இவ்வளவாவது இருக்க வேண்டும்' என்ற எல்லை நினைவுக்கு வருகிறது. இங்கே வேண்டியதோ 'இதற்கு மேல் வேண்டாம்' என்பது. வேலைசெய்யும் என்பதில் ஆங்கிலத்தில் உள்ள அதே குழப்பம் தொடர்கிறது. 'தனித்தியங்கும் சிறு எடுத்துக்காட்டு' என்பதை நான் பரிந்துரைக்கிறேன். தனித்து என்ற சொல், வேறு கோப்பு எதையும் நம்பியிராமல் மற்றவர் கணினியிலும் ஓட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. சிறு என்பதற்கு விளக்கமே தேவையில்லை. பேச்சில் நீளமாகத் தோன்றினால் 'சிற்றெடுத்துக்காட்டு' என்று சுருக்கலாம், சிற்றிலக்கியம் போல. காட்டு என்று மட்டும் நிறுத்துவது நன்னூலுக்குப் பொருந்தினாலும் இன்றைக்குக் காட்டையே நினைவூட்டும், அதனால் எடுத்து என்ற பகுதியை விடாமல் வைத்துக்கொள்வது நல்லது. "ஒரு சிற்றெடுத்துக்காட்டு அனுப்புங்கள், பார்க்கிறேன்" என்றால் கேட்பவருக்கு உடனே புரியும்.